அனுமதி பெற்றுப் பார்த்த பூக்கள்

காட்டுப் பூவைப் பார்க்கப் போவதென்றால் யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். முதலில் அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தர். பிறகு அவருக்கு மேலே இருப்பவர். பிறகு பொலிஸ். காடென்றால் காட்டுக்குப் பொறுப்பானவர்கள், கரையென்றால் கரைக்குப் பொறுப்பானவர்கள். பக்கத்தில் கோயில் இருந்தால் அதை நிர்வகிக்கிற வண்ணக்கர், சேர்ச் இருந்தால் போதகர். இத்தனை பேரையும் கண்டு முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால், பூ.

இந்த ஒழுங்கை எனக்குப் பழக்கியவர் அன்ரி. சொந்த அன்ரி இல்லை. மட்டக்களப்பு டவுனில் பாதிப் பேருக்கு அவர் அன்ரிதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், மெல்பேர்னில் மகளோடு இருக்கிற மனிசி அங்கிருந்து போன் எடுத்து, எழுதினது சரி மகள், எழுத முன்னம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பார். "ஒரு வார்த்தை சொல்லிவைப்பம்" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவைக்க அவருக்கு ஒரு கிழமை பிடிக்கும், ஒரு முழு பட்டர் கேக்கும் முடியும்.

அரசாங்க அலுவலகமொன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் கைப்பை, ஒரு கையில் குடை, மறு கையில் கேக் டின். கடைக்குப் பருப்பு வாங்கப் போனாலும் மதிலுக்கு மேலால் எட்டி அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். குளிக்கப் போகும்போதும் சொல்வார். அடுத்த வீட்டுக்காரி பொறுமையான பெண். ஒரு நாள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "குளிச்சு முடிஞ்சதையும் வந்து சொல்றா கா. நான் என்ன செய்யிற, கைதட்டுறதா?"

பூப் பார்க்கும் வட்டம் தொடங்கியது மெல்பேர்ன் மகளால். அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒரு கூட்டம் புதர்க் காட்டுக்குள் வட்டமாக நின்று, நிலத்தில் கிடந்த ஏதோ சின்னப் பூவை முழங்காலில் கைவைத்துக் குனிந்து பார்க்கிறார்கள். பூசைக்குக் குனிவதைப் போன்ற பக்தி. அன்ரி அந்தப் படத்தை டவுன் முழுக்கக் காட்டினார். அங்கே அவர்கள் தங்கள் நாட்டுப் பூவைக் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள், எங்கள் பூ என்ன பாவம் செய்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெதடிஸ்த சேர்ச் வாசலில் நின்று ஆள் சேர்த்தார். சைவக்காரரை விட்டால் குறை வரும் என்று கோயில் பக்கமும் போய்ச் சேர்த்தார். நான் வாகரைப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கிற வேலை. அந்தப் பக்கத்துப் பாதைகள் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் ஓம் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. என் மேலதிகாரியைத் தேடிப் போய், இந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையில் கூட்டிப் போகலாமா என்று அனுமதி வாங்கினார். என் லீவு நாளுக்கு என் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிய ஆளை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

வட்டத்தில் இருந்த மற்றவர்களைப் பற்றி ஒருவரைச் சொன்னால் போதும். வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். எந்தப் பூவைக் காட்டினாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: இது எந்த வருத்தத்துக்கு நல்லது? பூவுக்கு அழகு இருந்தால் போதாது, மூலத்துக்கோ முழங்கால் வலிக்கோ ஏதாவது உபகாரம் செய்ய வேண்டும். ஒன்றுக்கும் உதவாத பூ என்று தெரிந்தால் ஐயா பஸ்சுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்துவிடுவார்.

புறப்படுவதென்னவோ விடியத்தான். வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்று அன்ரியே எல்லாரையும் எழுப்பிக் கொண்டு வருவார். முதலில் சேர்ச் வாசலில் போதகர் ஜெபம். ஆண்டவருக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளையாருக்கும் சிவனுக்கும் சொல்லாமல் போவது பாரபட்சம் என்பதால் பஸ் வடக்கே போகாமல் அமிர்தகழிக் கோயிலுக்குத் திரும்பும். மாமாங்கேஸ்வரருக்கு ஒரு தேங்காய். தேங்காயை அன்ரி உடைக்கமாட்டார், தன் சமயத்துக்கு ஒத்துவராது. உடைப்பவருக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வார். பிறகு போகிற வழியில் ஒவ்வொரு அலுவலகப் பெரியவரின் வீட்டுக்கும் முன்னால் பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தோடு பல் துலக்கிக்கொண்டு நிற்கிற மனிதர்களுக்கு அன்ரி கேக் துண்டு கொடுத்து, நாங்கள் போகிறோம் என்று அறிவிப்பார். நாங்கள் இடத்துக்குப் போய்ச் சேரும்போது பூக்கள் தங்கள் அன்றைய அலுவலை முடித்துவிட்டு மூடியிருக்கும்.

அறிவித்தால் வருவார்கள்தானே. ஆவரசம் பூப் பார்க்கப் போன அன்று பாதுகாப்புக்கென்று பொலிஸ்காரர் இருவர், வழிகாட்ட ஒருவர், கிராம உத்தியோகத்தர், அவருடைய மனைவி, மனைவியின் தங்கை. செடியைச் சுற்றி அவர்கள் நின்றார்கள், அவர்களைச் சுற்றி நாங்கள் நின்றோம். நான் அன்று பார்த்தது காக்கிச் சட்டையின் முதுகைத்தான். பொலிஸ்காரர் ஒருவர் பூவைத் தன் தொப்பிக்குப் பக்கத்தில் பிடித்து செல்பி எடுத்தார். வங்கி ஐயாவுக்கு அது சீனி வருத்தத்துக்கு நல்லதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மனிதர் சாப்பாடு சுற்றி வந்த லஞ்ச் ஷீட்டை விரித்து, செடியை உலுப்பாத குறையாகப் பறித்தார். திரும்பும்போது பஸ்சுக்குள் இருந்த ஆவரசம் பூ, பற்றைக்குள் மிஞ்சியதைவிடக் கூட.

போடியாருடைய கதை இதைவிட விசேஷம். எங்கள் பக்கத்தில் பெரிய அளவில் வயல் வைத்திருப்பவரைப் போடியார் என்போம். ஒரு போடியாரின் வட்டைக்குள், அதாவது பெரிய வயல்வெளிக்குள், ஒரு சின்னக் குளம். அதில் அல்லி நிறையப் பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம். சும்மா வரம்போரமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் நான் களவெடுக்கப் போகிற ஆள் ஆகிவிட்டேன். ஒரு கிழமைக்கு முன்பே போய்ப் போடியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். போடியார் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். நாங்கள் போய் இறங்கியபோது எங்களை வரவேற்க ஆளுக்கொரு மாலை. அல்லிப்பூ மாலை. குளத்தைப் பார்த்தேன், இலை மட்டும் மிதந்தது. கழுத்தில் ஈரம் சொட்டச் சொட்ட, வெறுங்குளத்தைச் சுற்றி நின்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். அன்ரியிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதன் எவ்வளவு மரியாதை செய்திருக்கிறான், அதைப் பார்க்காமல் குளத்தைப் பார்க்கிறாயே என்றார்.

இவ்வளவு நக்கலடிக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மனிசியில்லை. அன்ரி வேலை செய்த காலம் பாதைக்குப் பாதை தடை இருந்த சண்டைக் காலம். வாவிக்கு அங்கால் படுவான்கரைக்கு நிவாரணச் சாமான் கொண்டு போகிற வேலை அவருடைய அலுவலகத்துக்கு இருந்தது. தோணியில் ஏறுவதற்கு முன்னால் அன்ரிதான் தனியே நடந்து போய், யார் வருகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று இந்தப் பக்கத்துக்கும் சொல்வாராம், போய் இறங்கி அந்தப் பக்கத்துக்கும் சொல்வாராம். துவக்கோடு நிற்கிறவனிடம் குடையோடு போய் ஒரு வார்த்தை சொல்லிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும். அவரோடு போனவர்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்கள் என்று அவருடன் வேலை செய்தவர்கள் இன்றைக்கும் கும்பிடாத குறையாகச் சொல்வார்கள்.

ஒரு முறை பஸ்சில் பக்கத்தில் இருந்தபோது, இப்போது சண்டை முடிந்து எத்தனை வருடம், இன்னும் என்ன அன்ரி என்று கேட்டேன். அவர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொல்லிப்போட்டுப் போனா, வராட்டி தேடுற ஆக்களுக்கு எங்க தேடுற எண்டாவது தெரியும் மகள். சொல்லாமப் போன ஆக்கள இன்னும் தேடிக்கொண்டுதானே இரிக்காங்க."

யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆனால் அதற்காக ஆவரசம் பூவுக்குப் பொலிஸ் காவல் வேண்டுமா என்பது வேறு கதை. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி என்னுடைய பூவுக்கு வருகிறேன். என்னுடைய பூ என்று உரிமையோடு சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கண்டது நான்.

மாங்கேணிக்கும் கதிரவெளிக்கும் இடையில் ஓரிடம். தை மாதம், மாரி மழை விட்டுக் கொஞ்ச நாள். பிள்ளை பெற்று ஒரு கிழமையான தாயைப் பார்க்க ஸ்கூட்டியில் போனவள், குறுக்கு வழி என்று நினைத்து ஈர மணலுக்குள் விட்டுச் சில்லுப் புதைந்து நின்றேன். இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கடைசியில் குந்தியிருந்து கையால் மணலைத் தோண்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நிலம் முழுக்க நீலம். நின்றால் தெரியாது, வெறும் சேற்று மணல்தான். குந்தினால் நீலம். தண்டு தலைமயிரின் தடிப்பு, இலை என்று ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை, பூ ஒரு மிளகளவு. ஆயிரமாயிரமாய். அங்கிருந்து கடல் இரைச்சல் கேட்கும், ஒரு பக்கம் தாழம் பற்றை, அவ்வளவுதான். அந்தச் செடி ஈர மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சாதி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை பெற்ற தாய் காத்திருக்கிறாள் என்பதையும் மறந்து குந்தியிருந்தேன். என் வேலையில் மற்றவர்களின் பிள்ளைகளைக் கையில் வாங்கிச் சந்தோசப்பட்டுத்தான் பழக்கம். எனக்கென்று நானாகக் கண்டெடுத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கண்டெடுத்ததை ஒருவருக்காவது காட்ட வேண்டுமே. அன்ரியைத்தான் கூப்பிட்டேன். வேறு யாருக்குப் பூ விளங்கும்? அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறி வந்தார். முழங்கால் வருத்தக்காரி, என் தோளைப் பிடித்து மெல்ல மெல்லக் குந்தினார். சேலைக் கரை சேற்றில் ஊறுவது அவருக்குத் தெரியவில்லை. ஒரு விரலை நீட்டி, தொடாமல், ஒரு பூவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவர் மேல் எனக்கு வந்த அன்பை எப்படிச் சொல்வது. கடைசியில் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இது ஆர்ர காணி?"

கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இது கால் பட்டாலே போகிற பூ, ஈரம் காய்ந்தால் முடிந்துவிடும், அடுத்த ஞாயிறு எங்கள் வட்டத்தை மட்டும் கூட்டி வருவோம், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்று பார்ப்போம், வேறு ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்றேன். போடியாரின் குளத்தையும் ஞாபகப்படுத்தினேன். ஆண்டவர் அறிய ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

அந்தக் கிழமை அவர் பட்ட பாட்டை அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன். சாப்பாடு இறங்கவில்லையாம். மதிலடிக்கு வருவாராம், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாராம். செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் எடுத்து, ஒரு ஆளுக்கு மட்டும் சொன்னால் என்ன மகள் என்றார். கூடாது என்றேன். புதன்கிழமை, இடத்தைச் சொல்லாமல் பூவை மட்டும் சொன்னால் என்றார். கூடாது என்றேன். வியாழக்கிழமை போன் வரவில்லை. மனம் தேறிவிட்டது என்று நினைத்தேன். வியாழக்கிழமை மனிசி கேக் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் அந்த இடத்துக்குக் கிட்டப் போகும்போதே எனக்கு வாழைமரம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வாழை இல்லை. இரண்டு வாழைமரம் கட்டி, மேலே வரவேற்புப் பதாகை கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டும் போட்டிருந்தார்கள். இறங்கினேன். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கூட்டி வந்தவள், நானே செருப்போடு நின்றேன். கீழே ரோட்டுக்குப் போடுகிற கிறவல் மண். சிவப்புக் கிறவல் கொட்டி, உருளை ஓட்டி, மட்டமாக்கி, சுற்றிவரக் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் கொட்டகை, கொட்டகைக்குள் பிளாஸ்டிக் கதிரை. தாழம் பற்றையையும் காணவில்லை.

எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அதன் பெரியவர் வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து அன்ரியின் கையைப் பிடித்தார். முகம் முழுக்கச் சந்தோசம். அதில் ஒரு துளி களவில்லை, அதுதான் கொடுமை. "மெடம், நீங்க சொன்ன உடனேயே ஆக்களப் போட்டுட்டன். ஒரே பத்த, சேறு. இவ்வளவு பெரிய ஆக்கள் வாற இடமா அது? ஊராக்களச் சேத்துப் பெரிய சிரமதானம் ஒண்டு வெச்சு, மெசினும் போட்டுத் துப்புரவாக்கி எடுத்த" என்றார். பிறகு கொட்டகையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே வரிசையாகச் சட்டிகள். அந்தூரியமும் போகன்விலாவும். பூப் பார்க்க வருகிறவர்களுக்குப் பூ வேண்டுமே என்று, டவுனிலிருந்து லொறியில் ஏற்றி வந்தார்களாம். அதாவது நாங்கள் விட்டுவிட்டு வந்த டவுனிலிருந்து.

வங்கி ஐயா குனிந்து ஒரு அந்தூரியத்தைத் தொட்டுப் பார்த்து, இது எந்த வருத்தத்துக்கு நல்லது என்று கேட்டார்.

நான் அன்ரியைப் பார்த்தேன். கேக் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல்லைப் பார்த்தபடி நின்றார். ஊரில் உள்ள எல்லாருக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனிசி, இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். ஐயா, நீங்கள் துப்புரவாக்கியது நாங்கள் பார்க்க வந்ததைத்தான் என்று. அவ்வளவு போதும். சத்தம் போடக்கூடத் தேவையில்லை. நாங்கள் கதிரைகளில் இருத்தப்பட்டோம். பெரியவர் பேசினார், அவருக்கு அடுத்தவர் பேசினார். நன்றியுரைக்கு அன்ரியைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பினார்.

அன்ரி நன்றி சொன்னார். பதவி ஒழுங்கு ஒரு இடத்திலும் பிசகாமல், பெரியவரில் தொடங்கி மெசின் ஓட்டிய ஆள் வரைக்கும், ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னார். குரல் நடுங்கியதா என்று கேட்டால், நடுங்கவில்லை. வெயில் பாராமல் வந்த எங்களுக்கும் நன்றி சொன்னார். விடுபட்டது பூ மட்டும்தான். பிறகு டின்னைத் திறந்து எல்லாருக்கும் கேக் கொடுத்தார். எனக்கு நீட்டியபோது நான் வாங்கவில்லை.

திரும்பும்போது அவருக்குப் பக்கத்துச் சீட்டில் போய் இருந்தேன், சண்டை பிடிக்க என்றே. சொன்னேன்: "எல்லாருக்கும் சொன்னீங்க அன்ரி. அந்தப் பூவுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அது எங்கயாவது ஓடித் தப்பியிருக்கும்."

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். அவர்கள் மரியாதைக்குத்தானே செய்தார்கள் மகள் என்றார். அதற்குமேல் நான் அவரோடு கதைக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வெயில்காலம் முழுக்கக் கதைக்கவில்லை. அவர் பஸ் நடத்துனரிடம் கேக் கொடுத்து அனுப்புவார். நான் அதை அப்படியே கிளினிக்குக்கு வருகிற தாய்மாருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். நல்ல கேக், தாய்மார் யார் அடித்தது என்று கேட்பார்கள். தெரிந்த மனிசி ஒருவர் என்பேன். பூப் பார்க்கும் வட்டமும் தானாகக் கலைந்தது. ஏன் நின்றது என்று கேட்கவும் ஒருவர் இல்லை. வங்கி ஐயா மட்டும் ஆவரசம் பூ முடிந்துவிட்டது, அடுத்த பயணம் எப்போது என்று கேட்டாராம்.

மறுபடி மாரி வந்தது. தை பிறந்து, மழை விட்டிருந்த ஒரு காலை, கிளினிக்கில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அடுத்த வீட்டுக்காரி போனில் அழுகிற குரலில் பேசினாள். விடியத் தொடக்கம் அன்ரியைக் காணவில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது, தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். வேறு யாராவது சொல்லாமல் போனால் கடைக்குப் போயிருப்பார் என்று இருந்துவிடலாம். குளிக்கப் போவதற்குச் சொல்கிற மனிசி சொல்லாமல் போனால்? அவள் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறாள். போதகருக்குச் சொல்லி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மெல்பேர்னுக்குச் சொல்வதா விடுவதா என்று என்னைக் கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். என் கையில் இருந்த பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்த நீலப் பூ இருந்த இடத்துக்கு ஸ்கூட்டியை எடுத்தேன். அவரோடு கதைக்காமல் இருந்த மாதங்களை அந்தப் பாதை முழுக்க எண்ணிக்கொண்டு போனேன்.

அங்கே வாழைமரம் இல்லை, கொட்டகை இல்லை. சுண்ணாம்புக் கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. யாரோ ஒரு ஓரத்தில் மீன் வலையை விரித்திருந்தார்கள். கிறவல் மேட்டின் அந்தத் தொங்கலில், கடைசி ஓரத்தில், சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மண்வெட்டியோடு அன்ரி. கொத்திக்கொண்டு இருந்தார். கொத்திய கிறவலைக் கையால் அள்ளிக் கேக் டின்னில் போட்டு, கொண்டு போய் வெளியே கொட்டுகிறார். ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் வெளியே வந்திருந்தது. அடியில் சாம்பல் நிற மணல், அதில் தண்ணீர் ஊறித் தெளிந்து நின்றது. நான் போய்க் குந்திப் பார்த்தேன். நன்றாகக் குனிந்து பார்த்தேன். நீலம் ஒன்றும் இல்லை.

அவருடைய இரண்டு உள்ளங்கையும் கொப்பளம் போட்டு உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் தோற்றுப் போவேன் என்று நக்கலாகவே கேட்டேன்.

"ஆரிட்டக் கேட்டு வந்த நீங்க?"

நிமிராமல் அடுத்த கொத்துப் போட்டார். "கேட்டா ஓமெண்டுதான் சொல்லுவாங்க மகள்" என்றார். "மறுகா அவங்களே வந்து கூட்டித் துப்புரவாக்கித் தருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். அவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தார். பிறகு, பாவம், அங்கே ஒருத்தி கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைவு வந்து போனை எடுத்தேன். சேற்றுக் கையால் அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது.

"நான் சுகமா இரிக்கன் எண்டு சொல்லு" என்றார். "எங்க எண்டு சொல்லாத."

அடுத்த வீட்டுக்காரியிடம் அவ்வளவுதான் சொன்னேன்.